இலட்சத்தீவு: கப்பல் வரும்வரை காவல்

முதல் நாள் – கொச்சி

இலட்சத்தீவு போலீஸைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கொச்சியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தீவுக்குள் யார் வரலாம் என்ற கேள்விக்கு இங்கே, கொச்சித் துறைமுகத்தின் வெல்லிங்டன் தீவில், கப்பல் ஏறும் முன்பே பதில் சொல்லியாக வேண்டும். மொத்தம் 36 தீவுகள், ஆள் வாழ்பவை 10. நிலப்பரப்பு எல்லாம் சேர்த்து 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. இந்தச் சின்ன இடத்துக்குள் நுழைய 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தியக் குடிமகனுக்கும் பெர்மிட் வேண்டும்.

பெர்மிட்டுக்கு முதல் தேவை, சொந்த ஊர் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றிதழ். அரசின் சுற்றுலாத் திட்டத்தில் போகாமல் தனியாகப் போகிறவருக்குத் தீவுக்காரர் ஒருவர் பொறுப்பேற்று அழைக்கவும் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: இனிஷியல். ஆதாரில் ‘மு. செல்வம்’, போலீஸ் சான்றிதழில் ‘முத்துசாமி செல்வம்’, கப்பல் டிக்கெட்டில் ‘செல்வம் எம்’ என்று இருந்தால் மூன்று ஆவணம் மூன்று ஆளாகிவிடும். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆதாரில் உள்ள எழுத்தை அப்படியே எழுதுவது நல்லது. பின்னால் திருத்த நேரம் இருக்காது.

பெர்மிட்டில் எந்தத் தீவு என்று குறிப்பிட்டிருக்கும். இறங்கியதும் அந்தத் தீவின் ஸ்டேஷனில் போய்க் காட்ட வேண்டும். இதனால் ஸ்டேஷன் அதிகாரிக்குத் தன் தீவில் இன்று எத்தனை வெளியாட்கள், யார் வீட்டில், எந்தத் தேதி வரை என்று தெரியும். நாட்டில் பெரும்பாலான எஸ்.ஐ.க்களுக்கு இந்த வசதி கிடையாது. கட்டுமான வேலைக்கு வந்து, ஒப்பந்தக்காரர் புதுப்பிக்க மறந்ததால் பெர்மிட் காலாவதியான தொழிலாளிதான் இங்கே சட்டத்தை மீறியவராகிறார். தவறு ஒப்பந்தக்காரருடையது; ஸ்டேஷனில் நிற்பது தொழிலாளி.

அடுத்தது மது. 1979-ஆம் ஆண்டு மதுவிலக்கு ஒழுங்குமுறை தீவுகள் முழுக்க நடப்பில் இருக்கிறது. பங்காரம் சுற்றுலாத் தீவு மட்டும் நெடுங்காலமாக விதிவிலக்கு. பையில் பாட்டில் இருந்தால் தீவுவரை கொண்டுபோய்ப் பிடிபடுவதைவிடக் கொச்சியிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாம் நாள் – கப்பலில்

கொச்சியிலிருந்து தலைமைத் தீவான கவரத்தி 404 கிலோமீட்டர். தீவையும் கப்பலையும் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பயணங்கள் குறையும், தள்ளிப்போகும். தீவின் குற்றவியல் நடைமுறை முழுவதும் இந்தக் கால அட்டவணையில்தான் தொங்குகிறது.

ஒரே கப்பலில் யார் யார் வரக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் புரியும். ஜாமீனில் இருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவர், புகார் கொடுத்தவர், அவருடைய சாட்சிகள், இரு தரப்பு வக்கீல்கள், ஆய்வகத்துக்குப் போகும் மாதிரிப் பெட்டியோடு ஒரு ஏட்டு. எல்லாரும் ஒரே தளத்தில், ஒரே கேன்டீன் வரிசையில். சாட்சியைக் கலைக்கக் கூடாது என்று ஜாமீன் உத்தரவில் எழுதலாம். பதினைந்து மணி நேரம் பக்கத்து பங்க்கில் படுத்திருப்பவரோடு பேசாமல் இருப்பது எப்படி என்று எந்த உத்தரவும் சொல்வதில்லை. தெரிந்த அதிகாரிகள் சாட்சியையும் எதிரியையும் வெவ்வேறு கப்பலில் அனுப்பப் பார்ப்பார்கள். டிக்கெட் கிடைத்தால்தானே?

மாதிரிப் பெட்டி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. தடய அறிவியல் ஆய்வு என்றால் பெரும்பாலும் பெருநிலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். தீவின் ஈரக்காற்றில் கெட்டுப்போவது எளிது, எனவே சில வேலைகளைச் சரியாகச் செய்தாக வேண்டும். இரத்தம் படிந்த துணியை நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். வெயிலிலும் கூடாது, மின்விசிறியின் நேர்க்காற்றிலும் கூடாது. காகித உறையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் இரண்டாம் நாளே பூஞ்சை. மதுவுக்கான இரத்த மாதிரியில் சோடியம் ஃபுளோரைடு இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே நுண்ணுயிர்கள் மதுவை உண்டாக்கிவிடும், அறிக்கை பொய் சொல்லும். டி.என்.ஏ. சோதனைக்கு என்றால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள குப்பி. விஷம் என்ற சந்தேகத்தில் எடுத்த உள்ளுறுப்புகளுக்கு வழக்கமாக நிறைவுற்ற உப்புக் கரைசல். ஆனால் அமிலம் குடித்த வழக்கு என்றால் உப்பு ஆகாது. ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை, முத்திரையின் மாதிரிப் பதிவு தனித்தாளில்.

கப்பல் ரத்தானால் பெட்டி ஸ்டேஷன் குளிர்பெட்டியில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத் தேதி, நேரம், பொறுப்பாளர் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுதி வைக்காத வழக்குகளில், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்த நாட்களைப் பற்றித்தான். கப்பல் வராதது குற்றமில்லை, எழுதாததுதான் வழக்கைக் கெடுக்கும்.

மூன்றாம் நாள் – கவரத்தி

நிர்வாகத் தலைமையிடம் 1964-இல் கோழிக்கோட்டிலிருந்து இங்கே வந்தது. மாவட்ட அமர்வு நீதிமன்றம் இங்கே. அமினி, ஆந்த்ரோத் தீவுகளில் முன்சீப்பும் குற்றவியல் நடுவருமான கீழ்நீதிமன்றங்கள். மேல்முறையீட்டுக்குக் கேரள உயர் நீதிமன்றம். மற்ற தீவுகளில் ஸ்டேஷன் இருக்கும், நீதித்துறை நடுவர் இருக்கமாட்டார். கைது என்று வந்தால் சிக்கல் இங்கேதான் எழுகிறது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவும், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 58-ஆவது பிரிவும் இதைச் சொல்கின்றன. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: பயணத்துக்குத் தேவையான நேரம் கணக்கில் சேராது. சென்னையில் இந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மினிக்காயில் கைதானவருக்கு இதுதான் முக்கியமான வரி. பயண நேரம் வேறு, கப்பலுக்காகக் காத்திருக்கும் நேரம் வேறு. மூன்று நாள் கப்பல் இல்லை என்பதால் மூன்று நாள் லாக்கப்பில் வைத்திருந்தால் அது ‘பயணம்’ என்ற கணக்கில் வராது.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழி அதே சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவில் இருக்கிறது. நீதித்துறை நடுவர் கிடைக்காத இடத்தில், அதற்கென அதிகாரம் வழங்கப்பட்ட நிர்வாக நடுவரிடம் நிறுத்தலாம். அவர் அதிகபட்சம் 7 நாள் காவலுக்கு உத்தரவிடலாம். அதற்குள் கோப்பு நீதித்துறை நடுவரிடம் போய்ச் சேர வேண்டும். தவறு நடப்பது எப்படி? அதிகாரம் வழங்கும் உத்தரவு முன்பிருந்த அதிகாரியின் பெயரில் இருக்கும். மாற்றலாகி வந்தவர் பழக்கத்தில் கையெழுத்துப் போடுவார். வழக்கு நாட்குறிப்பின் நகல் கூடவே போகாமல் ரிமாண்ட் மனு மட்டும் போகும். ஏழு நாளை எண்ணும்போது முதல் நாளை விட்டுவிடுவார்கள். இதில் ஒன்று நேர்ந்தாலும் காவல் சட்டவிரோதம்.

வீடியோ அழைப்பில் நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். போலீஸ் காவலுக்கு முடியாது, நேரில்தான் நிறுத்த வேண்டும். அதன் பிறகு நீதிமன்றக் காவலை நீட்டிக்க வீடியோ போதும். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் கப்பல் ஏறிய காலம் அதனால் மாறியிருக்கிறது. எந்த நடுவரிடமும், அவருக்கு அந்த எல்லை இல்லாவிட்டாலும் நிறுத்தலாம் என்று 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதுச் சட்டம் தெளிவாக்கியதும் தீவுகளுக்கு உதவியான திருத்தம்.

உதவாத திருத்தம் ஒன்றும் உண்டு. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது 176-ஆவது பிரிவு. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். 271 பேர் வாழ்ந்த பித்ரா தீவுக்கு (2011 கணக்கு) நிபுணர் வந்து சேரும்வரை சம்பவ இடத்தைக் காப்பது யார்? கடற்கரை மணலில் தடயம் அடுத்த ஏற்றம் வரைதான் நிற்கும். இங்கே முதலில் போகும் காவலர் கையில் அளவுகோலும் கேமராவும் இருப்பது, பின்னால் வரும் நிபுணரைவிட அதிகம் பயன்படும்.

சிறைவாசத்துக்கும் கடல் தாண்ட வேண்டியிருக்கும். 2009 தேர்தல் நேரத்தில் ஆந்த்ரோத்தில் நடந்த மோதல் தொடர்பான கொலை முயற்சி வழக்கில் கவரத்தி நீதிமன்றம் 2023 ஜனவரியில் அப்போதைய எம்.பி. உட்பட நால்வருக்குப் பத்தாண்டு விதித்தபோது, அவர்கள் கொண்டுபோகப்பட்டது கண்ணூர் மத்தியச் சிறைக்கு. பிறகு கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது என்று அது நீண்டது. சம்பவத்துக்கும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே கிட்டத்தட்ட 14 ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்காம் நாள் – கவரத்தியிலேயே

தீவில் பைக் திருடுவது வீண்வேலை. 4.22 சதுர கிலோமீட்டரில் எங்கே ஓட்டிப்போவது? ஸ்டேஷனுக்கு வருவது தேங்காய்.

தேங்காய்த் திருட்டுப் புகார் என்று ஒன்று வந்தால், அனுபவமுள்ள அதிகாரி முதலில் கேட்பது: மரம் வெள்ளியாழ்ச்சைச் சொத்தா, திங்களாழ்ச்சைச் சொத்தா? முதலாவது தரவாட்டுச் சொத்து, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. தாய்வழியில் இறங்குவது, கூட்டாக அனுபவிப்பது, தனியாள் விற்க முடியாதது. இரண்டாவது ஒருவர் தானே சம்பாதித்தது; அது இஸ்லாமிய வாரிசு முறைப்படி பிரியும். மாமன் பறித்த காயை மருமகன் (சகோதரி மகன்) திருட்டு என்கிறான். அவன் அப்பா வைத்த மரம் என்பது அவன் வாதம், தரவாட்டு நிலத்தில் நிற்கும் மரம் என்பது மாமன் வாதம். திருட்டு வழக்குக்கு நேர்மையற்ற நோக்கம் வேண்டும். தனக்கு உரிமை இருக்கிறது என்று உண்மையாக நம்பி எடுத்தவரிடம் அது இல்லை. இதை எஃப்.ஐ.ஆராகப் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்து விடுதலையில் முடியும், அதற்குள் இரண்டு தரவாடு பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். உரிமையியல் வழக்கு என்று அனுப்பிவைத்தால் அடுத்த அறுவடையில் கைகலப்பு. நடுவில் உள்ள வழி: அமைதி குலையும் என்ற அளவில் இருவரிடமும் பிணைமுறி வாங்கிவிட்டு, காயைப் பொது ஆள் பறித்துக் கணக்கு வைக்க ஏற்பாடு செய்வது.

இந்த நடுவழி புதிதல்ல. 1912-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி தீவுகளில் அமீன் என்ற அலுவலர் இருந்தார். அவரோடு ஊர்ப் பெரியவர்கள், எழுத ஒரு கரணி. சில்லறைக் குற்றங்கள் அங்கேயே தீர்ந்தன. மலபாரிலிருந்தும் தென்கன்னடத்திலிருந்தும் அதிகாரிகள் கடல் அமைதியான பருவத்தில் வந்து மற்றதைப் பார்த்தார்கள். தென்னையைக் கெடுக்கும் எலிகளைக் கூட்டமாக வேட்டையாடுவது அப்போது ஊர்க் கடமை, வராதவருக்கு அபராதம். குற்றம் என்றால் என்ன என்பதைத் தீவு தன் பிழைப்பை வைத்தே முடிவு செய்தது.

சாட்சிகள் விஷயம் இன்னும் கடினம். பறிமுதலின்போது எழுதும் மகஜருக்குச் சுயேச்சையான சாட்சி இருவர் வேண்டும். கொடுக்கல் வாங்கலோ உறவோ இல்லாத இருவரைத் தேடினால் பள்ளி ஆசிரியரும் பெருநிலத்திலிருந்து வந்த பொறியாளரும்தான் கிடைப்பார்கள். விசாரணை வரும்போது அவர்கள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். அடையாள அணிவகுப்புக்கு இங்கே அநேகமாக வேலையே இல்லை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதே காரணத்தால் பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பது பெரும்பாடு. பெயரைச் சொல்ல வேண்டாம். ஜீப் ஒரு வீட்டின் முன் நின்றாலே போதும். போக்சோ சட்டம் 24-ஆவது பிரிவு, குழந்தை விரும்பும் இடத்தில், சீருடை இல்லாமல் வாக்குமூலம் வாங்கச் சொல்கிறது. பெண் காவலர் மாற்று உடையில் நடந்து போவது, அதுவும் அந்த வீட்டுக்கு மட்டும் போகாமல் வரிசையில் நாலு வீட்டுக்குப் போவது, செலவில்லாத பாதுகாப்பு.

2021-இல் நிர்வாகம் கொண்டுவரப் பார்த்த சமூக விரோதச் செயல் தடுப்பு ஒழுங்குமுறை வரைவு, ஓராண்டு வரை தடுப்புக் காவல் என்றது. எதிர்த்தவர்கள் கேட்டது எளிய கேள்வி: குற்றமே குறைந்த ஊருக்குக் குண்டர் சட்டம் எதற்கு? தீவுக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கடல் பக்கம் திரும்பினால் கதை வேறு. ஆனால் கடலில் நடப்பதற்குத் தடுப்புக் காவல் மருந்தாகாது.

ஆறாம் நாள் – அகத்தி

இங்கே முக்கியக் குற்றம், கடலடியில் ஊரும் மெல்லுடல் உயிரினமான கடல் அட்டையைப் பிடித்துக் கடத்துவது. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் மன்னார் வளைகுடாவில் நடப்பதன் இன்னொரு முகம். 2001-இலிருந்து எல்லாக் கடல் அட்டை இனங்களும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில். 2022 திருத்தத்துக்குப் பின் தண்டனை 3 முதல் 7 ஆண்டு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். 2020-இல் ஆளில்லா சுஹேலித் தீவில் ஒரே தடவையில் 1,716 அட்டைகள் பிடிபட்டன. அதே ஆண்டு செரியபாணியில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் அட்டைக்கென்றே பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவித்தார்கள்.

ஆளில்லாத் தீவு எதற்கு? பதப்படுத்தும் முறையைப் பார்த்தால் தெரியும். குடலை எடுத்து, பெரிய அண்டாவில் வேகவைத்து, தோலின் சுண்ணத் துகளைத் தேய்த்தெடுத்து, மறுபடி வேகவைத்து, பல நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த வாடை ஊருக்குள் மறையாது. விறகும் வெயிலும் தனிமையும் வேண்டும். காய்ந்தால் எடை பச்சையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ஒரு மூட்டையில் ஆயிரக்கணக்கில் அடங்கும். ரோந்துப் படகு தேட வேண்டிய அடையாளங்கள் அண்டா, அளவுக்கு மீறிய விறகு, உப்பு மூட்டை, தீ மூட்டிய கரி. அட்டையைத் தேடிப் போனால் மணலைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிடித்தபின் நேரம் எதிரி. பச்சை அட்டை அழுத்தத்தில் குடலைக் கக்கும், வெயிலில் சில மணி நேரத்தில் கூழாகும். எனவே முதலில் எண்ணிக்கை, பிறகு இனவாரியாகப் பிரித்து எடை, அளவுகோல் வைத்துப் படம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு கேட்கும் வீடியோ. உயிரோடு இருப்பதைக் கடலில் விடவும் மாதிரி போக மீதியை அழிக்கவும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். எடையை முதலில் போட்டுவிட்டு எண்ணாமல் விடுகிறவர்களுக்கு, இரண்டு நாளில் நீர் வடிந்து மகஜர் எடையும் நீதிமன்ற எடையும் பொருந்தாது. எண்ணிக்கை மாறாது.

அடுத்த பொறி சட்டத்தில். வனவிலங்குக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுப்பது, வனவிலங்குச் சட்டத்தின் 55-ஆவது பிரிவில் சொன்னவர்கள் தரும் முறையீட்டின் மேல்தான். போலீஸ் பிடித்துப் போலீஸே குற்றப்பத்திரிகை போட்டு முடித்தால் வழக்கு நிற்காது. பிடித்த அன்றே வனத்துறைக்கு ஒப்படைப்புக் கடிதம் போக வேண்டும்.

பயணிகளுக்கு ஒரு வார்த்தை: கரையில் ஒதுங்கிய செத்த பவளமும் இதே சட்டத்துக்குள் வருகிறது. ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒன்பதாம் நாள் – மினிக்காய்

ஒன்பது டிகிரி கால்வாய் இந்தத் தீவை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. கப்பல்கள் உலகைச் சுற்றும் பாதை அது. 1885-இல் பிரிட்டிஷார் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. 2024 மார்ச்சில் கடற்படை ஐ.என்.எஸ். ஜடாயு தளத்தைத் தொடங்கியது.

இங்கே பேசும் மொழி மஹல். மற்ற தீவுகளின் மலையாளத்தில் வாக்குமூலம் வாங்கி, மொழிபெயர்த்தது யார் என்று எழுதாமல் விட்டால் நீதிமன்றத்தில் சாட்சி ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பது எளிது. ஊர் 11 கிராமங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் போடுகாக்கா என்ற தலைவர், பெண்களுக்குத் தனித் தலைவி. சின்னத் தகராறுகள் அங்கேயே முடிகின்றன. ஸ்டேஷனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கடலிலிருந்து வருவது.

2021 மார்ச்சில் ‘ரவிஹன்ஸி’ என்ற இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே.-47, 1,000 தோட்டாக்கள். 2022 மேயில் அகத்திக்கு அப்பால் ‘பிரின்ஸ்’, ‘லிட்டில் ஜீசஸ்’ என்ற இரண்டு படகுகளில் 218 கிலோ ஹெராயின். மதிப்பு 1,526 கோடி என்றது வருவாய்ப் புலனாய்வுத் துறை. தமிழகக் கரையிலிருந்து கிளம்பும் படகுகள் நடுக்கடலில் சரக்கு வாங்கும் என்ற தகவலில் பல நாள் காத்திருந்து கடலோரக் காவல்படையோடு சேர்ந்து பிடித்தார்கள். படகுகளைக் கடலில் பிரித்துத் தேடவில்லை; கொச்சிக்குக் கொண்டுவந்த பிறகே முழுச் சோதனை. ஆடும் படகில் ஐஸ் அறையைப் பிரித்து, எடை போட்டு, மகஜர் எழுத முடியாது. தராசே நிற்காது.

தீவு போலீஸுக்கு இதில் இடம் எவ்வளவு? ஆள்புல எல்லை 12 கடல் மைல். அதற்கு அப்பால் கடலோரக் காவல்படை, போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம், வருவாய்ப் புலனாய்வு. இந்தத் தீவுகளை வைத்து இந்தியாவுக்குக் கிடைக்கும் பொருளாதார மண்டலம் சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டர். அதை ஸ்டேஷன் படகால் காக்க முடியாது. அவர்களால் முடிந்தது மீனவர்களிடமிருந்து வரும் தகவல். சூரை பிடிக்கப் போகிறவர்களுக்குத்தான் தெரியும், எந்தப் படகு வலை போடாமலேயே இரண்டு நாளாக நிற்கிறது என்று.

அந்தத் தகவலை உத்தரவு போட்டு வாங்க 2021-இல் ஒரு முயற்சி நடந்தது: ஒவ்வொரு மீன்பிடிப் படகிலும் ஒரு அரசு ஊழியரை உளவுக்காக ஏற்ற வேண்டும் என்றார்கள். தூண்டிலில் சூரை இழுக்கும் படகில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வேலை உண்டு. வேலை தெரியாத ஒருவர் ஏறினால் ஒரு மீன்காரர் இறங்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மீனவர் தகவல் தருவது, தந்தவர் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையிலும், தகவல் சொன்னதற்காகத் தன் படகை நாலு நாள் கரையில் கட்டிவைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலும்தான்.

2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி ஒளியிழை கேபிள் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்புதான். இப்போது ரிமாண்ட் நீட்டிப்பு வீடியோவில் தடையில்லாமல் நடக்கிறது. பெர்மிட்டும் கப்பலும் வேண்டாத திருடனுக்கும் அதே கேபிள் வழி. இணைய மோசடியில் பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. ஸ்டேஷனுக்கு நடந்து போய் எழுதிக் கொடுப்பது அதற்குப் பிறகு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, வங்கிப் பெயர் நான்கையும் அழைக்கும்போதே கையில் வைத்திருந்தால் பதிவு சில நிமிடங்களில் முடியும்.